டேஷ் கேமராவும் உப்புக் கண்ணாடியும்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கடலோர ஊரெல்லாம் ஓய்ந்து கிடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் ஓட்டம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் பரப்பிப் போட்டிருப்பார்கள். மண்டபத்தில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த இரண்டு மாதமும் பாதி நாள் காரில்தான் போகும். விடிகாலை ராமேஸ்வரத்தில் ஒருவருக்கு வாட்டர் பம்ப், மத்தியானம் கீழக்கரை தாண்டி ஏர்வாடி, இருட்டிய பிறகு தேவிபட்டினம், தொண்டி. பழைய வேகன் ஆர். பின்சீட்டை மடக்கிவிட்டுச் சாமான் ஏற்றிக்கொள்வேன்.

2024 தடைக்காலத்தில் ஒரு ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்திவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தேன். எஞ்சின் அணைந்திருந்தது, பார்க்கிங் லைட் எரிந்துகொண்டிருந்தது. எதிரே வந்த பைக் நடுரோட்டில் படுத்திருந்த மாட்டைக் கடைசி நேரத்தில் பார்த்து, ஒடித்துத் திருப்பி, நேராக வந்து என் முன் பம்பரில் மோதியது. ஓட்டி வந்த பையனுக்கு முழங்காலில் அடி. ஐந்து நிமிடத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். கார் ஓடி வந்துதான் மோதியது என்று ஒருவர் சொன்னார், பார்க்காதவர்களும் ஆமாம் என்றார்கள். நின்ற காரை நின்றது என்று நிரூபிக்க என்னிடம் வாயைத் தவிர ஒன்றும் இல்லை. 18,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். பையனுக்கு வைத்தியம் பார்க்கக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. தப்பு என்மேல் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த மாதமே, காருக்குள்ளிருந்து முன்னால் ரோட்டைப் பதிவு செய்துகொண்டே வருகிற டேஷ் கேமரா ஒன்றை 2,000 ரூபாய்க்குள் வாங்கி மாட்டினேன். ரப்பர் கிண்ணத்தால் கண்ணாடியில் ஒட்டுகிற வகை. சாயல்குடிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் டேஷ்போர்டில் குப்புறக் கிடந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடி விழுந்தது. இரண்டு மாதத்தில் அதன் முதுகு மூடி பிதுங்கி வெளியே வந்துவிட்டது. ராமநாதபுரம் பாரதி நகரில் எனக்குக் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் பாய் அதைக் கையில் வாங்கி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

"உள்ள இருக்கிற லித்தியம் பேட்டரி வீங்கிருச்சு தம்பி. நம்ம வெயிலுக்கு இது ஆகாது. கெப்பாசிட்டர் வச்சது இருக்கு, அதப் பாத்து வாங்குங்க. கொஞ்சம் வெல கூட ஆகும், ஆனா நிக்கும்."

பகலில் மூடி நிறுத்திய காருக்குள் முன்கண்ணாடி ஓரம் 60 டிகிரிக்கு மேல் கொதிப்பது நம் பக்கம் சாதாரணம். அந்தச் சூட்டில் லித்தியம் பேட்டரி வாயு சேர்த்து உப்பிவிடும். சூப்பர் கெப்பாசிட்டர் அப்படி உப்பாது. ஆனால் அதில் நிறைய மின்சாரம் தேங்காது. சாவியைத் திருப்பி அணைத்தபின் கடைசிப் பதிவை ஒழுங்காக மூடிவைக்கிற சில நொடிக்கு மட்டும் தாங்கும். அதுவே போதும். அந்தச் சில நொடி இல்லையென்றால் கடைசிக் கோப்பு பாதியில் கெட்டுப்போகும், விபத்தில் மின்சாரம் துண்டித்துப் போனால் நமக்கு வேண்டியதே அந்தக் கடைசிக் கோப்புதான்.

புதியது 6,000 சொச்சம் ஆயிற்று. 2கே தெளிவு, ஜி.பி.எஸ்., வைஃபை, 64 ஜி.பி. கார்டு. கார்டும் சாதாரணப் போன் கார்டு அல்ல, 'ஹை என்டியூரன்ஸ்' என்று போட்டிருக்கிற வகை. போனில் எப்போதாவது ஒரு படம் பதியும். இதில் ஓடும் நேரமெல்லாம் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டே இருக்கும், சாதாரணக் கார்டு சில மாதத்தில் தேய்ந்துவிடும். நிமிடத்துக்கு நூறு நூற்றிருபது எம்.பி. ஆகிறது. அப்படியென்றால் 64 ஜி.பி.யில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் நிற்கும், அதற்கு மேல் பழையதை அழித்துப் புதியது ஏறும். தடைக்காலத்தில் நான் ஓட்டுகிற ஓட்டத்துக்கு இரண்டு நாள் காட்சி. முக்கியமாக ஏதாவது நடந்தால் அன்றே எடுத்து வைத்துவிட வேண்டும், வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போயிற்று.

2025 ஏப்ரல் முதல் வாரம் மாட்டினோம். பாய் விடிகாலையில் வரச் சொன்னார். கண்ணாடி சூடாவதற்கு முன் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரட்டைப் பக்க டேப்பை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து ஒட்டினார். ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால், மேலே, முன்கண்ணாடியின் விளிம்பில் கறுப்புப் புள்ளி புள்ளியாக இருக்குமே, அதற்குச் சற்றுக் கீழே. என் பார்வையை மறைக்காத இடம் என்று நான்தான் அங்கே கேட்டு வாங்கினேன். அந்த இடம் எவ்வளவு தப்பு என்று மே மாதம் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரம் பார்த்ததில், வீடியோவின் நடுவில் மஞ்சளாக ஒரு வெளிச்சத் திட்டு ஆடிக்கொண்டே வந்தது. அம்மா டேஷ்போர்டில் வைத்த பித்தளைப் பிள்ளையார். வெயிலில் அவர் மின்னுவது கண்ணாடியில் எதிரொளித்து அப்படியே பதிவாகிறது. அம்மாவிடம் சொல்லி அவரை இடது ஓரத்துக்கு நகர்த்தினேன், அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணி போட்டேன். பாதி சரியாயிற்று. மீதிக்குப் போலரைசர் என்று ஒரு சின்ன வில்லை தனியாக விற்கிறார்கள், லென்ஸ் முன்னால் மாட்டித் திருகினால் எதிரொளி அடங்குகிறது. பகலுக்கு நல்லது. இரவில் வெளிச்சத்தையும் சேர்த்துக் குடித்துவிடும், அதனால் இருட்டுவதற்கு முன் கழற்றிவிடுகிறேன்.

அப்புறம் ஜி சென்சார். மோதினாலோ உலுக்கினாலோ அந்த ஒரு நிமிடக் கோப்பைப் பூட்டி வைத்துவிடும், பழையதை அழிக்கும்போது அதைத் தொடாது. வந்த கையோடு அதன் உணர்திறன் நடுத்தரத்தில் இருந்தது. உச்சிப்புளிப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் இருக்கிற வேகத்தடை ஒவ்வொன்றையும் அது விபத்தென்று எண்ணிக்கொண்டது. பத்து நாளில் கார்டில் கால்வாசி பூட்டிய கோப்புகள், எல்லாம் வேகத்தடைகள். குறைந்த நிலைக்கு மாற்றி, மாதம் ஒரு தடவை கார்டைக் கேமராவிலேயே வைத்து ஃபார்மட் செய்கிறேன். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் வேண்டிய நாளில் 'கார்டு நிறைந்துவிட்டது' என்று வரும்.

நம்பர் பிளேட் விஷயத்தில் விளம்பரத்தை நம்ப வேண்டாம். பகலில் முன்னால் போகிற வண்டியின் எண் நாலைந்து ஆள் நீளத்துக்குப் பிசகில்லாமல் தெரிகிறது. எதிரே வருகிற வண்டி இரண்டும் வேகமாக இருந்தால் பகலிலேயே எழுத்து இழுபடும். இரவில் எதிர் வண்டியின் ஹெட்லைட்டில் எண் இருக்கிற இடமே வெள்ளைத் திட்டாகிவிடும். இருட்டில் ஒளி போதாமல் கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது, அதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இரவில் எந்த வண்டியாவது வம்பாக ஓட்டுவது தெரிந்தால், பார்த்த மாத்திரத்தில் அதன் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். "டிஎன் 65" என்று தொடங்கி முழுதும். மைக்கில் அது பதிந்துவிடும்.

அந்த மைக்கைப் பற்றித்தான் ஒரு சங்கடம் வந்தது. பாம்பனிலிருந்து மண்டபம் திரும்பும்போது பாசி எடுக்கப் போய்வருகிற அக்காமார்களைச் சில நாள் ஏற்றிக்கொண்டு வருவது வழக்கம். தீவுகளைச் சுற்றிக் கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கிக் கடல்பாசி பறிக்கிறவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் பறிப்பார்கள், அப்படியும் பாறையும் சிப்பியும் கிழித்த தழும்பு இல்லாத விரல் ஒன்றுகூட இருக்காது. ஏப்ரலில் ஒருநாள் மூன்று பேர் ஏறினார்கள். வனத்துறை, யாவாரி கொடுக்கிற விலை, வீட்டுக்காரர் குடி எல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். நடுவில் ஒரு அக்கா கேமராவின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இது என்ன, நாங்க பேசுறதையும் எடுக்குமா?"

எடுக்கும் என்றேன். மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள். மண்டபம் வரைக்கும் ஒரு பேச்சு இல்லை. இறங்கும்போது அந்த அக்கா "நாங்க சொன்னத யாருக்கும் போட்டுக் காட்டிராத அப்பு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே அந்தக் கோப்புகளை அவர்கள் ஏறிய இடத்திலிருந்து இறங்கிய இடம் வரை அழித்தேன். அதிலிருந்து யாராவது ஏறினால் முதலில் மைக்கை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். அணைத்திருக்கிறேன் என்று வாயாலும் சொல்லிவிடுவேன். டாக்சி ஓட்டுகிற நண்பர்களிடமும் இதையேதான் சொல்கிறேன். வெளியே ரோட்டைப் படம் எடுப்பது வேறு, நம்பி ஏறியவர் பேச்சைப் பிடித்து வைப்பது வேறு.

பாம்பன் பாலத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1988-இல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பக்கத்தில் புது ரயில் பாலம் திறந்தார்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம்போல் இரண்டு கையாகப் பிரிந்து மேலே போகாமல், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே லிஃப்ட்போல் நேராக ஏறும். அதைப் பார்க்க வருகிறவர்கள் சாலைப் பாலத்தில் வண்டியை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். என் கேமராவில் உள்ள ஆபத்தான காட்சிகளை எண்ணினால் பாதிக்குமேல் இந்தப் பாலத்தில் எடுத்தவை. நிற்கிற வேனின் வலப்பக்கக் கதவு திடீரெனத் திறந்து ஒரு சின்னப் பிள்ளை ரோட்டில் குதிக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. ஜி.பி.எஸ். என் வேகத்தை 28 என்று காட்டுகிறது. 28 ஆக இருந்ததால் பிரேக் பிடித்தது. தயவுசெய்து பாலத்தில் நிறுத்தாதீர்கள். கீழே பாம்பனில் இறங்கி நின்றாலும் பாலம் நன்றாகவே தெரியும்.

இனி அந்த உப்பு.

தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017-இல் வந்த சாலையில் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, பெண் கடல் என்போம், குளம்போல் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல், எந்நேரமும் இரையும். சித்திரை, வைகாசியில் தெற்கேயிருந்து சோழகக் காற்று எழும்பிவிட்டால் அலை உடைந்து வருகிற தூவானம் சாலையைக் கடந்து போகும். ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து கண்ணாடியில் விரலை இழுத்துப் பாருங்கள். விரல் போன தடம் மட்டும் தெளிவாக இருக்கும், சுற்றிலும் மெல்லிய பால் பூச்சு. நாக்கில் வைத்தால் கரிக்கும்.

பகலில் அந்தப் பூச்சு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. நம் கண் அதைத் தாண்டி ரோட்டைப் பார்த்துப் பழகிவிட்டது. கேமரா கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. வெயில் எதிரே விழும்போது ஒவ்வொரு உப்புத் துகளும் வெளிச்சத்தை நாலு பக்கமும் சிதறடிக்கிறது, லென்சுக்குள் வெள்ளை மட்டும்தான் போய்ச் சேர்கிறது. ராத்திரி இன்னும் மோசம். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும், காய்ந்த துணியால் துடைத்தால் எண்ணெய் தடவியதுபோல் பரவும். மணலும் கலந்திருந்தால் கீறல் விழும்.

மே மாதம் நடுவில், அக்கா பிள்ளைகள் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போனேன். இருட்டும்வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மறுநாள் விடிகாலை ராமேஸ்வரத்தில் ஒரு படகுக்காரர் கியர் பாக்ஸ் சாமானுக்காகக் காத்திருந்தார். வைப்பரை இரண்டு தடவை அடித்துவிட்டுக் கிளம்பினேன். எனக்கு முன்னால் இருந்த கண்ணாடி தெளிவாகிவிட்டது. கேமரா இருக்கிற இடம் வைப்பர் வீச்சுக்கு மேலே. அங்கே முந்தைய நாள் உப்பு அப்படியே இருந்தது.

பாம்பனிலிருந்து அக்காள்மடம், தங்கச்சிமடம் போகிற சாலை அந்த மாதத்தில் காலையில் சூரியனைப் பார்த்தே போகும். மணி 6:12. ஒரு மூடிய லோடு வேன் என்னை முந்திக்கொண்டு போய் முன்னால் வந்தது. அக்காள்மடத்துக்குச் சற்று முன் இடது ஓரத்தில் ஒரு மீன்கார அக்கா நின்றிருந்தார். அவர் முகம் எனக்குப் பழக்கம், பல வருடமாக அந்த இடத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பவர். தலையில் சும்மாடு, அதன்மேல் அன்னக்கூடை. வேன் இடது பக்கம் சாய்ந்தது. அவர் விழுந்தார். கூடையிலிருந்த மீன் ரோடெல்லாம் சிதறியது.

நான் இறங்கி ஓடி, 108-க்குப் போன் போட்டேன். வலது மணிக்கட்டு முறிந்து தொங்கியது. வலியில் அவர் அழவில்லை, மீனைப் பொறுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். வேன் டிரைவர் ஓடிப்போகவில்லை, அங்கேயே நின்றார். ஆனால் கூட்டம் சேர்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "குறுக்க ஓடி வந்துருச்சுண்ணே." எனக்குப் போன வருடத்து டீக்கடை ஞாபகம் வந்தது. இந்தத் தடவை என்னிடம் கேமரா இருக்கிறது என்று நெஞ்சுக்குள் ஒரு தைரியம் இருந்தது.

மத்தியானம் கடையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டினேன். முதலில் முழுக்க வெள்ளை. ரோட்டின் கோடுகூடத் தெரியவில்லை. வயிறு கலங்கிவிட்டது. பிறகு வேன் முந்திவந்து எனக்கு நேர் முன்னால் நுழைகிறது. அதன் கூடு சூரியனை மறைக்கிறது. அந்த நொடியில் படம் கண் திறந்ததுபோல் தெளிகிறது. வேனின் எண், பின்கதவின் கொக்கி, ரோட்டோரத்து வெள்ளைக் கோடு, கோட்டுக்கு வெளியே மண்ணில் நிற்கிற அக்கா, ஒரு கை கூடையின் விளிம்பைப் பிடித்திருப்பது, எல்லாம் தெரிகிறது. இரண்டு நொடி. அவர் கால் அசையவே இல்லை. பிறகு வேன் இடதுபக்கம் நகர்கிறது, சூரியன் வெளியே வருகிறது, மறுபடி வெள்ளை. 14 ஃபிரேம். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. அது முடிந்து எதிர்ப்புறத்துத் தென்னை நிழல் விழுகிற இடம் வரும்போது அவர் தரையில் கிடக்கிறார்.

வேன் அவரை இடித்த அந்த அரை நொடி என் கண்ணாடியில் இருந்த உப்பில் போய்விட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றித் துடைத்திருந்தால் இருந்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் முதலில் பார்த்தது நேரத்தை. "8:42-ன்னு காட்டுதே சார், சம்பவம் 6:12 தானே?" அப்போதுதான் நானே கவனித்தேன். கேமராவுக்குள் நேர மண்டலம் சீன நேரத்தில் இருந்திருக்கிறது. அது நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஜி.பி.எஸ். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும், அதனால் நிமிடமும் நொடியும் பிசகவில்லை. மண்டலத்தை மட்டும் நாம்தான் மாற்ற வேண்டும், ஒன்றரை மாதமாக நான் மாற்றாமல் விட்டிருக்கிறேன். நல்லவேளை, 108-க்குப் போன் போட்டது 6:14 என்று என் போனில் இருந்தது. படத்திலும் சூரியன் அடிவானத்தில் இருக்கிறது. அதையெல்லாம் எழுதிக்கொடுத்தேன்.

அந்த அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார். தெரிந்த வக்கீல் ஒருவர் தடுத்தார். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், கோப்பு வேறாகிவிடும். கோர்ட்டுக்கு மூலப் பதிவு வேண்டும், அதாவது கார்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்ததுதான். இப்போது அது இரண்டு பாகம். முதல் பாகத்தைப் பதிவைக் கொடுக்கிறவர் நிரப்ப வேண்டும், எந்தக் கருவி, யாருடையது, ஒழுங்காக வேலை செய்ததா என்று. இரண்டாம் பாகம் நிபுணருக்கு. கோப்பின் ஹேஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு ஃபிரேமைத் தொட்டாலும் எண் மாறிவிடும். நான் கார்டைக் கழற்றிக் கவரில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தேன். எனக்கென்று ஒரு நகல் மட்டும் லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். கேமரா வைத்திருக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது நடந்தால் முதல் வேலை கார்டை வெளியே எடுப்பது. அதே கார்டோடு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

வெள்ளையாகப் போன 14 ஃபிரேமையும் மறைக்காமல் சொன்னேன். ஆனாலும் கோட்டுக்கு வெளியே அசையாமல் நிற்கிற அந்த இரண்டு நொடிக்குப் பிறகு 'குறுக்கே ஓடிவந்தார்' என்ற பேச்சு வேன் தரப்பிலிருந்து வரவில்லை. வழக்கு நடக்கிறது.

மறுவாரம் பாயிடம் போய்க் கேமராவைக் கழற்றி நாலு விரல் கீழே, வைப்பர் வீச்சுக்குள் வருகிற மாதிரி ஒட்டினேன். இதற்காகப் பாய் வைப்பரை ஓடவிட்டு, அது துடைத்த இடத்தின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார். புதிதாக மாட்டுகிறவர்கள் எல்லோரும் முதலில் இதைச் செய்யுங்கள், கேமரா எவ்வளவு விலை என்பதெல்லாம் அப்புறம். வைப்பர் ரப்பரும் நம் வெயிலில் வருடம் முழுக்க நிற்காது, வெடித்த ரப்பர் கோடு கோடாக விட்டுவிடும்.

தண்ணீர் விஷயமும் உண்டு. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதை வாஷர் தொட்டியில் ஊற்றினால் உப்பை உப்பால் கழுவுவதுதான், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். இப்போது குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு லிட்டர் எடுத்து வைத்துவிடுகிறேன். காலையில் வண்டி எடுக்கும் முன் முதலில் தண்ணீரை வழியவிட்டு உப்பைக் கரைத்து, பிறகு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. வாரம் ஒருமுறை உள்பக்கமும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூட்டில் ஆவியாகி உள்கண்ணாடியிலும் ஒரு படலம் போடுகிறது, கேமரா அதன் வழியாகவும்தான் பார்க்கிறது. மொத்தம் மூன்று நிமிடம் ஆகும்.

நிறுத்திய காரைக் காவல் காக்கிற பார்க்கிங் மோடை நான் பயன்படுத்தவில்லை. அதற்கு ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுத்து, கார் பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் துண்டிக்கிற கருவியும் வைக்க வேண்டும். நம் வெயிலில் நின்ற காருக்குள் கேமராவை நாள் முழுக்க ஓடவிடுவதில் எனக்கு இஷ்டமில்லை. ராத்திரி தெருவில் நிறுத்துகிறவர்கள் யோசிக்கலாம்.

ஜூலையில் ஒருநாள் தங்கச்சிமடத்தில் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள், மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. கூடை தூக்க முடியாததால் மகள் போகிறாளாம். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "அந்தப் படத்தக் காட்டு தம்பி" என்றார். போனில் ஏற்றிப் போயிருந்தேன். வெள்ளையான இடத்தைப் பார்த்து இது ஏன் இப்படி என்று கேட்டார். சொன்னேன், கண்ணாடியில் உப்பு, நான் துடைக்கவில்லை என்று. அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவை வேன் சூரியனை மறைக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இடது கை விரலைத் திரையில், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

"இங்கதான நிக்கிறேன்," என்றார் மகளைப் பார்த்து. "பாரு. இங்கதான நிக்கிறேன்."